ஆளில்லாத நேரத்தில் லாயம்

லாயத்துக்குள் மனிதர் நுழைந்ததும் குதிரை தன் வலியை அடக்கிக்கொள்கிறது. குதிரையோடு பழகியவர்கள் பலர் இதை உள்ளூர உணர்ந்திருப்பார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் கேத்தரின் டார்சிவியா, சூ மெக்டொனல் என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் இதை எண்ணிக்கையோடு காட்டினார்கள். எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சைக்காக அங்கே சேர்க்கப்பட்டிருந்த 20 குதிரைகளை அவர்கள் கேமரா வழியே கவனித்தார்கள். யாரும் அருகில் இல்லாதபோது அந்தக் குதிரைகள் காலை மாற்றி மாற்றி ஊன்றின, தரையைப் பிறாண்டின, வாலைச் சுழற்றின, உதட்டை முறுக்கின. பராமரிப்பவர் கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றபோது இந்த அறிகுறிகள் சராசரியாக 77 சதவீதம் குறைந்துவிட்டன. ஆறு குதிரைகள் ஒரு அறிகுறியைக்கூடக் காட்டவில்லை. வந்தவரின் கண்ணுக்கு அவை வலியே இல்லாத குதிரைகள்.

ஏன் இப்படி? காட்டில் குதிரை பிறருக்கு இரை. கூட்டத்தில் நொண்டுகிற குதிரையைத்தான் ஓநாய் முதலில் குறிவைக்கும். பலவீனத்தை வெளியே காட்டாதது பல லட்சம் ஆண்டுகளாக அந்த இனத்தைக் காப்பாற்றி வந்த பழக்கமாக இருக்கலாம். இன்னும் எளிய விளக்கமும் உண்டு. மனிதர் வந்தால் தீவனம் வரலாம், ஊசி வரலாம், சேணம் வரலாம். கவனம் முழுவதும் வந்தவர் மேல் திரும்பிவிடுகிறது. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். மருத்துவர் வந்து பார்க்கும் ஐந்து நிமிடத்தில் குதிரை அமைதியாக நிற்கிறது. அவர் போன பிறகு மறுபடி கதவை உதைக்கிறது.

உடலில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் பழி குதிரையின் குணத்தின் மேல் விழுகிறது. முரட்டுக் குதிரை, கள்ளக் குதிரை, வேலைக்கு வணங்காத குதிரை என்று பெயர் சூட்டி, கழுத்துப்பட்டையோ சவுக்கோ கொண்டு அதைத் திருத்தப் பார்க்கிறோம். குதிரைக்கு நாம் செய்யும் அநீதிகளில் இதைவிடப் பெரியது இல்லை என்று நான் நினைக்கிறேன். தேட வேண்டியதைத் தேடாமல், சொல்ல வாயில்லாத உயிரைத் தண்டிக்கிறோம்.

மெக்டொனலின் குழு கையாளும் வழி எளிமையானது. லாயத்து அறை முழுவதும் தெரியும்படி ஒரு கேமராவைப் பொருத்தி, ஒரு நாள் முழுக்க, இரவும் சேர்த்து, குதிரையைத் தொந்தரவில்லாமல் பதிவு செய்வது. பிறகு அந்தப் பதிவை வேகமாக ஓட்டிப் பார்த்து, வழக்கத்துக்கு மாறான அசைவு வரும் இடங்களில் நிறுத்திப் பார்ப்பது. குதிரையின் உடல் அசௌகரியத்தைக் காட்டும் 73 நடத்தைகளை மெக்டொனலும் டார்சிவியாவும் தொகுத்து 2021இல் படங்களோடும் விளக்கத்தோடும் வெளியிட்டார்கள். தனியாக எடுத்தால் இவற்றில் பலவற்றுக்குப் பொருளே இல்லை. வயிற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது ஈ கடித்ததால் இருக்கலாம். அதையே இரவு முழுக்க, அதிலும் தீவனம் தின்ற பிறகு, திரும்பத் திரும்பச் செய்தால் வயிற்றுக்குள் ஏதோ இருக்கிறது. மெல்லுவதைப் பாதியில் நிறுத்தி அசையாமல் நிற்பது, உடலை நீட்டி நெளிப்பது, படுப்பதும் எழுவதுமாக இருப்பது எல்லாம் இதோடு சேர்ந்துவரும். பின்புறத்தைச் சுவரில் சாய்த்து நிற்பது, ஒரு முன்னங்காலை மட்டும் எடையில்லாமல் முன்னே வைப்பது காலில் உள்ள வலியைச் சுட்டும்.

முகத்தையும் படிக்கலாம். மிலான் நகரில் இமானுவேலா டல்லா கோஸ்டாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட அளவுகோல் ஆறு அடையாளங்களைச் சொல்கிறது. விறைத்துப் பின்னோக்கிய காதுகள், பாதி மூடிய கண், கண்ணுக்கு மேலே புடைக்கும் இறுக்கம், முறுக்கேறிய தாடைத் தசை, இறுகிய வாயும் துருத்திய மோவாயும், விறைத்த மூக்குத் துளை. அவற்றைப் பழகிய கண் நிழற்படத்திலேயே வலியை அடையாளம் கண்டுவிடும்.

வலி இருக்கிறது என்று தெரிந்தபின் எங்கே என்ற கேள்வி. முதலில் இரைப்பையைச் சந்தேகிக்க வேண்டும்.

500 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். வெட்டவெளியில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரைகூட அது மேய்ந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, ஓயாமல் தின்பதற்கென்று அமைந்த உடல் அது. அதனால் அதன் இரைப்பை, தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்த அமிலத்தை மட்டுப்படுத்தும் உமிழ்நீர் மெல்லும்போதுதான் சுரக்கும். நமக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே நாக்கில் நீர் ஊறும். குதிரைக்குத் தாடை அசைய வேண்டும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை தானியத் தீவனம், இடையில் வெறும் சுவர் என்று வைத்தால், மணிக்கணக்கில் அமிலம் தனியாக நிற்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதிக்குச் சளிப்படலம் காவல். மேற்பகுதிக்கு அது இல்லை. அங்கே உட்சுவர் உணவுக்குழாயின் உட்சுவரைப் போன்றது, அமிலம் பட்டால் வெந்துபோகும்.

ஓட்டம் இதை மோசமாக்குகிறது. புளோரிடா பல்கலைக்கழகத்தில் 2002இல் வெளியான ஆய்வு, குதிரை வேகம் எடுக்கும்போது வயிற்றின் அழுத்தம் கூடி இரைப்பை நெருக்கப்படுவதையும், அமிலம் மேற்பகுதிக்கு ஏறுவதையும் காட்டியது. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளைக் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்த ஆய்வுகளில் பத்தில் ஒன்பது வரை புண்ணோடு இருந்திருக்கின்றன. அந்தக் குழாய் ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம் வேண்டும், சாதாரண மருந்தகத்தில் கிடைக்காது. வெளி அறிகுறிகளோ மங்கலானவை: தானியத்தைப் பாதியில் விடுவது, வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வருவது, மினுமினுப்பு இழந்த மேனி. வாரை இறுக்கும்போது கடிக்கும் குதிரையைத்தான் நாம் முரடு என்கிறோம். ஒமெப்ரசோல் மருந்து அமிலத்தைக் குறைத்துப் புண்ணை ஆற்றும். ஆனால் தீவனம் கொடுக்கும் முறை மாறாவிட்டால் புண் திரும்பி வரும். உலர்ந்த புல் நாள் முழுக்க முன்னால் இருக்க வேண்டும், சவாரிக்கு முன்பும் கொஞ்சம் தின்றிருக்க வேண்டும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாக வந்து இறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை இறந்துவிடும் என்றும், பராமரிக்கத் தெரியாததே காரணம் என்றும், அவற்றுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அதில் மிகை எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் பொன்னாக விலை கொடுத்து வாங்கிய குதிரைக்கு முன்னால் அரண்மனைச் சோற்றை வைத்து, புல்லை மறந்த ஒரு லாயத்தை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

மரச்சட்டத்தை முன்பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தை வளைத்து, உறுமலோடு காற்றை உள்ளிழுக்கும் பழக்கம் லாயத்துக் குதிரைகளில் சிலவற்றுக்கு உண்டு. அதைத் தடுக்கக் கழுத்தை இறுக்கும் பட்டைகள் கடையில் விற்கின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நிக்கோல் குழு 2002இல், இந்தப் பழக்கம் வந்த குட்டிகளின் இரைப்பையில் மற்றக் குட்டிகளைவிட அதிகப் புண்ணும் அழற்சியும் இருப்பதைக் கண்டது. அமிலம் தணிக்கும் தீவனம் கொடுத்தபோது நிலைமை தேறியது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை, வளர்ந்த குதிரைகளில் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் தீவனத்தின் பங்கு உறுதியானது. 1995இல் வந்த பால் மெக்ரீவியின் பெரிய கணக்கெடுப்பு, நாளுக்கு 6.8 கிலோவுக்குக் குறைவாகப் புல் கிடைக்கும் பந்தயக் குதிரைகளிடம் இத்தகைய நடத்தைகள் அதிகம் என்று காட்டியது. பட்டை போட்டுத் தடுத்து வைத்துவிட்டுப் பிறகு கழற்றினால், குதிரை முன்னைவிட அதிகமாகக் கவ்வுகிறது என்பதை மெக்ரீவியும் நிக்கோலும் 1998இல் காட்டினார்கள். அதாவது அந்தத் தேவை உள்ளே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்துக் குதிரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று பயந்து, கவ்வுகிற குதிரையை ஒதுக்குப்புறமாகக் கட்டுபவர்களும் உண்டு. அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ஒரே லாயத்தில் இரண்டு குதிரைகள் கவ்வினால், இரண்டுக்கும் கிடைக்கும் புல்லை எடைபோட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

வயிற்றில் ஒன்றும் இல்லை, காலிலும் பல்லிலும் இல்லை என்றால் அறையைச் சோதிக்க வேண்டும். இதை நம் கண்ணாலும் காதாலும் சோதித்துப் பயனில்லை. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆய்வாளர்களான ஹெஃப்னர் தம்பதியினர் 1983இல் அளந்தபடி குதிரையின் காது 55 முதல் 33,500 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. நமக்குக் கேட்காத எலிவிரட்டிக் கருவி, மின்விளக்கின் பழுதான பகுதி எழுப்பும் கீச்சொலி எல்லாம் குதிரைக்குக் கேட்கும் எல்லைக்குள் வரக்கூடியவை. கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணிப்பதில் குதிரை மிகவும் மோசம். மனிதர் ஒரு டிகிரி வித்தியாசத்தைக்கூட உணர்வார்கள். குதிரைக்கு 25 டிகிரி அளவுக்கு விலகல் வேண்டும். திறந்த வெளியில் அந்தக் குறையைத் தலை திருப்பிப் பார்த்து ஈடுசெய்யும். நான்கு சுவருக்குள் பார்ப்பதற்கு எதுவுமில்லை. எங்கிருந்து என்று தெரியாத சத்தம், போவதற்கு வழியில்லாத அறை. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் குதிரை வியர்த்துச் சுற்றி வந்தால், அந்த நேரத்தில் லாயத்தில் எந்தக் கருவி ஓடுகிறது என்று பட்டியல் போடுவது நல்லது.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது கசிவு மின்சாரம். பண்ணையின் வயரிங் பழுதானாலும், எர்த் சரியாக இறங்காவிட்டாலும், மின்னோட்டத்தின் ஒரு பகுதி தரை வழியே திரும்பும். இரும்புத் தொட்டிக்கும் ஈரத் தரைக்கும் இடையே சில வோல்ட் வித்தியாசம் உண்டாகும். ரப்பர் செருப்போடு நிற்பவர் தொட்டியைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. குதிரையோ இரும்பு லாடத்தோடு ஈர சிமெண்டில் நின்று, நனைந்த உதட்டைத் தொட்டியில் வைக்கிறது. மின்சாரத்துக்கு அதைவிட நல்ல பாதை கிடைக்காது. கறவை மாடுகளில் இந்தத் தொல்லை பல ஆண்டுகள் ஆராயப்பட்டு, அமெரிக்க வேளாண் துறை 1991இல் அதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. குதிரையிடம் அடையாளம் இதுதான்: தாகத்தோடு தொட்டிக்கு வரும், உதடு பட்டதும் தலையை வெடுக்கென்று இழுக்கும், பிறகு சுற்றி நடக்கும். போதிய தண்ணீர் குடிக்காத குதிரைக்குக் குடலில் தீவனம் இறுகி உயிருக்கே ஆபத்தான வயிற்றுவலி வரலாம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் அதே தண்ணீரை வையுங்கள். குதிரை தொட்டியை விட்டு வாளியிலேயே குடித்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து, தொட்டிக்கும் குதிரை நிற்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை அளந்தால் போதாது. பக்கத்து மோட்டார் ஓடும்போது மட்டும் கசிவு வரலாம்.

வாசனையும் காரணமாகும். பொலிகுதிரைகளில் சில தம் விலாவையும் மார்பையும் தாமே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மெக்டொனல் 2008இல் இதை மூன்று வகையாகப் பிரித்தார். ஒரு வகைக்கு உடல் வலி காரணம். இன்னொன்று சலிப்பான, ஒரே தாளத்தில் ஓடும் பழக்கம். மற்றொன்றுதான் வியப்பானது. காட்டில் இரண்டு ஆண் குதிரைகள் சந்தித்தால் ஒன்றின் லத்தியை மற்றொன்று முகர்ந்து, கனைத்து, காலை ஓங்கி, கடித்துச் சண்டையிடும். தனி அறையில் அடைத்த பொலிகுதிரை தன் லத்தியையோ, சுவரில் படிந்த வேறொரு குதிரையின் வாடையையோ முகர்ந்து, அதே சண்டையின் முழு வரிசையையும் தன் உடலின் மேலேயே நடத்திவிடுகிறது. எதிராளி அறையில் இல்லை, வாசனை மட்டும் இருக்கிறது. பதிவை ஓட்டிப் பார்க்கும்போது முகர்வது, கனைப்பது, கடிப்பது என்ற அந்த வரிசை தெரிந்துவிட்டால், மருந்தைத் தேடுவதற்கு முன் லத்தியை அவ்வப்போது அள்ளி, சுவரைக் கழுவிப் பார்க்கலாம்.

லாயத்துக் காற்று பற்றியும் ஒரு வார்த்தை. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா தரையருகே, ஈர வைக்கோலுக்கு மேல்தான் அடர்த்தியாக இருக்கும். நின்றுகொண்டு முகர்ந்தால் நமக்குத் தெரியாது, முழங்காலிட்டு முகர வேண்டும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும், வாயால் முடியாது. புல்லுக்குள் மூக்கை நுழைத்துத் தின்னும்போது அது இழுக்கும் தூசி, அறை நடுவே அளக்கும் தூசியைவிடப் பல மடங்கு அதிகம். தீவனத்தைத் தொட்டதும் ஓரிரு முறை இருமுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது குதிரை ஆஸ்துமாவின் ஆரம்பமாக இருக்கக்கூடும். உலர்புல்லைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாலே தூசி பெருமளவு அடங்கிவிடும்.

பகலில் நின்றபடியே தடுமாறி, முன்னங்கால் மடங்கிச் சரிந்து, சட்டென்று விழித்து நிமிரும் குதிரைகளைச் சிலர் பார்த்திருப்பார்கள். இது தூக்க நோய் என்றே பல காலம் கருதப்பட்டது. குதிரையின் கால்களில் தசைநார்கள் பூட்டுப்போல் இறுகி நிற்க உதவுவதால், அது நின்றபடியே தூங்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அது லேசான தூக்கம். கண்ணிமைக்குள் விழி துடிக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்குக் குதிரை படுத்தாக வேண்டும், அப்போது தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடும். நாளுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இந்த உறக்கம் தேவை. பல நாள் படுக்காமலே இருந்தால், நிற்கும்போதே அந்த உறக்கம் வந்து குதிரை சரிகிறது. முட்டியிலும் கணுவின் முன்புறத்திலும் ஆறாத சிராய்ப்பு இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஏன் படுப்பதில்லை என்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும். மூட்டுவலியால் படுத்தால் எழ முடியாதோ என்ற பயம், குறுகலான அறை, வழுக்கும் தரை, மெல்லிய வைக்கோல். சில குதிரைகளுக்கு இவை எதுவுமே இல்லை. காவலுக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரை இல்லாததால் அவை படுப்பதில்லை. கூட்டமாக இருக்கும்போது ஒன்று படுத்தால் ஒன்று நிற்கும். தனி லாயத்தில் எல்லாக் காவலையும் அந்த ஒற்றைக் குதிரையே பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தனை காரணங்களையும் ஒரே நாளில் சரிசெய்ய முனைபவர்கள் தோற்றுப்போவார்கள். தீவனத்தை மாற்றி, அறையை மாற்றி, மருந்தும் கொடுத்து, குதிரை தேறிவிட்டால் எது காரணம் என்று தெரியாது, தேறாவிட்டாலும் தெரியாது. பெர்லினில் 1904ஆம் ஆண்டு கணக்குப் போடும் குதிரை என்று புகழ்பெற்ற ஹான்ஸை ஆராய்ந்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால் என்ன ஆகிறது, தெரியாவிட்டால் என்ன ஆகிறது, கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாமல் மறைத்தால் என்ன ஆகிறது? கடைசியில், எதிரே நிற்பவர் தம்மையறியாமல் தலையைச் சற்றே அசைப்பதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் குளம்புத் தட்டலை நிறுத்துகிறது என்று கண்டார். லாயத்துக்கும் அதே ஒழுங்கு வேண்டும். முதலில் கால்நடை மருத்துவர். வலி என்ற சந்தேகம் வலுத்தால் அவர் சில நாளுக்கு வலிநிவாரணி கொடுத்து மறுபடி பதிவு செய்யச் சொல்வார். அறிகுறிகள் குறைந்தால் வலிதான். குறையாவிட்டால் வலி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது, சில வலிகள் அந்த மருந்துக்கு அடங்காது. அதன்பிறகு அறையில் உள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் சில நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் தீராத குதிரைகள் உண்டு. வாசல் கதவுக்கு மேல் தலையை நீட்டி, முன்னங்கால்களில் இடம் வலமாகச் சாய்ந்து மணிக்கணக்கில் ஆடிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டேனியல் மில்ஸின் குழு, சுவரில் திறப்புகளைக் கூட்டி, பக்கத்துக் குதிரையைப் பார்க்கும்படி செய்தபோது ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. 2002இல் அறைச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்கள், அதற்கும் குறைந்தது. தன் பிம்பத்தைக்கூடத் துணையாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த விலங்கு தனிமையை வெறுக்கிறது. அப்படியிருந்தும் புதிதாகக் கட்டும் லாயங்களில் சுவரைக் கூரைவரை எழுப்புகிறார்கள், குதிரைகள் ஒன்றையொன்று கடிக்காமல் இருக்கட்டும் என்று. பழகிய இரண்டு குதிரைகளுக்கு நடுவே நெஞ்சளவுச் சுவரும் அதற்கு மேல் கம்பித் தடுப்பும் போதும். மூக்கோடு மூக்கு உரசிக்கொள்ள முடிய வேண்டும். கட்டி முடித்த லாயமானால் நடுச்சுவரில் ஒரு சன்னல் திறக்கச் சொல்லிக் கொத்தனாரைக் கூப்பிடலாம்.